எட்டு இலக்கத் தலையெழுத்து

எக்ஸ்-மென் மனிதர்களா, இல்லையா?

படம் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் அடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஆனால் 2003-ல் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் இதற்குத் தீர்ப்பே எழுதியது. அந்தச் சரக்கு இறங்கிய காலத்து அமெரிக்க வரிப் பட்டியலில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீத வரி. மனிதன் அல்லாத மற்ற விளையாட்டுப் பொம்மைக்கு 6.8 சதவீதம். மார்வெல் குடும்பத்தைச் சேர்ந்த டாய் பிஸ் கம்பெனி, "எங்கள் எக்ஸ்-மென் மனிதர்களே இல்லை" என்று வாதாடியது. கதையில் "இவர்களும் மனிதர்கள்தானே, ஏன் ஒதுக்குகிறீர்கள்?" என்று நம்மை உருக வைத்தவர்கள், வரி என்றதும் கட்சி மாறிவிட்டார்கள் :-) நீதிமன்றமும் கம்பெனி சொன்னதை ஏற்றுக்கொண்டது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மறைமுக வரி பாடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படித்தால், இதே கூத்து நம்மூர் துறைமுகங்களிலும் நடப்பது தெரியும். அங்கே மாட்டிக்கொள்வது மார்வெல் மாதிரி பெரிய கை அல்ல, சாதாரண வியாபாரி. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. உலக சுங்க அமைப்பு என்று ஒன்று, பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. உலகத்தில் விற்று வாங்கப்படும் எல்லாப் பொருளையும் ஒரே பட்டியலில் அடக்க அது உருவாக்கியதுதான் எச்.எஸ். கோட். 1988 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 21 பிரிவுகள், 97 அத்தியாயங்கள் (77-ம் அத்தியாயம் பிற்காலத்துக்கென்று காலியாக விடப்பட்டிருக்கிறது). உயிருள்ள ஆடு மாட்டில் தொடங்கி, ஓவியம், பழம்பொருளில் முடிகிறது. முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது. அதற்குமேல் அந்தந்த நாட்டின் வசதி. இந்தியாவில் மொத்தம் 8 இலக்கம். 1975-ம் வருடத்து சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணை முழுக்க இதுதான். ஒவ்வொரு 8 இலக்கத்துக்கும் எதிரே ஒரு வரி விகிதம்.

நமக்குத் தெரிந்த பாக்கையே எடுத்துக்கொள்வோம். 08 என்றால் பழங்களும் கொட்டைகளும். 0802-ல் சில கொட்டை வகைகள். 0802 80 பாக்கு. 0802 80 10 முழுப் பாக்கு, 20 பிளந்த பாக்கு, 30 பொடித்த பாக்கு. தபால்காரர் மாநிலம், ஊர், தெரு, கதவு எண் என்று வருகிற மாதிரிதான். அழகான ஏற்பாடு. இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிக்கல் பாக்கைப் பதப்படுத்தும்போது வருகிறது. அதே பாக்கு "சுபாரி" என்ற தயாரிப்பு ஆகிவிட்டால் 21-ம் அத்தியாயத்துக்கு, 2106 90 30-க்குக் குடி போய்விடும். வறுத்தால் 20-ம் அத்தியாயம் என்று ஒரு வாதம். வேகவைத்தால்? அது வெறும் பதப்படுத்தலா, புதுத் தயாரிப்பா? இதை வைத்து ஆணையம், நீதிமன்றம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம் பாட்டிகள் பாக்கை வெட்டி, வேகவைத்து, காயவைத்து டப்பாவில் போட்டபோது அத்தியாயம் மாறுகிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை!

ஏன் இவ்வளவு சண்டை? 8-ம் அத்தியாயத்துப் பாக்குக்கு அரசு விதித்திருந்தது 100 சதவீத வரி. போதாததற்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வேறு. 2023 பிப்ரவரியில் அதைக் கிலோ 251 ரூபாயிலிருந்து 351 ஆக உயர்த்தினார்கள். கர்நாடகம், கேரளத்துப் பாக்கு விவசாயியைக் காப்பாற்ற வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் ஒரு அறைக்கு மட்டும் இவ்வளவு பெரிய பூட்டு போட்டால், எல்லோரும் பக்கத்து அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். பாக்கு என்பது என்ன என்ற தத்துவ விசாரம், உண்மையில் இரண்டு வரி விகிதங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றிய சண்டை.

இதற்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. மொத்தம் 6 விதிகள். முதலில் தலைப்பின் வாசகத்தையும் அத்தியாயக் குறிப்புகளையும் பார். அதில் முடியாமல், ஒரு பொருள் இரண்டு தலைப்புக்குப் பொருந்தினால், குறிப்பாகச் சொல்லும் தலைப்பை எடு. கலவைப் பொருளாக இருந்து அதிலும் முடியவில்லையா, அதன் அடிப்படைத் தன்மையைத் தருவது எது என்று பார். அதுவும் கைகொடுக்காவிட்டால், பொருந்துகிற தலைப்புகளில் வரிசை எண்படி கடைசியாக வருவதை எடுத்துக்கொள். கடைசி விதியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஒற்றையா இரட்டையா போடுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது.

நீதிபதிகளே திணறும் இடம் இது. ஒரே பெட்டியாக வரும் "ஆல்-இன்-ஒன்" கணினி, "கையில் எடுத்துச் செல்லக்கூடியது" என்ற தலைப்பில் வருமா? 10 கிலோவுக்குள்தானே இருக்கிறது, ஆகவே வரும் என்றது சுங்கத்துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் கம்பெனிகளுக்குச் சாதகமாக முடிந்தது. எடை குறைவு என்பது மட்டும் போதாது என்றது நீதிமன்றம். கூடவே இன்னொன்றும் சொன்னது: யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய விக்கிபீடியா மாதிரி தளங்களை முழுக்க நம்பி இப்படி முடிவெடுக்காதீர்கள். (அசைன்மென்ட் எழுதும் நண்பர்கள் கவனிக்க.)

சரி, இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

2011-ல் இருந்து இந்தியாவில் சுயமதிப்பீடு. அதாவது சரக்கு வந்ததும் பில் ஆஃப் என்ட்ரியில் இதுதான் கோட், இதுதான் வரி என்று இறக்குமதியாளரே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அவருடைய கஸ்டம்ஸ் புரோக்கர் எழுதுவார். சரக்கு வெளியே போய்விடும். பிறகு ஒரு நாள் தணிக்கையில், "நீங்கள் எழுதியது தப்பான கோட்" என்று நோட்டீஸ் வரலாம். சாதாரணமாக 2 வருடம் பின்னோக்கிக் கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகச் சொன்னால் 5 வருடம். வருடத்துக்கு 15 சதவீத வட்டி. மறைத்தது உறுதியானால், வரி அளவுக்கே அபராதமும் உண்டு.

ஒரு கணக்கு போடுவோம். ஒருவர் 10 லட்ச ரூபாய் சரக்கை 7.5 சதவீத கோடில் இறக்குகிறார். இப்படி 10 முறை. பிறகு அது 20 சதவீத கோட் என்று சொல்லப்படுகிறது. மற்ற வரிகளைத் தள்ளிவிட்டு அடிப்படை வரியில் மட்டும் வித்தியாசம் 12.5 லட்சம். வட்டி தனி. இதை யாரிடம் போய் வசூலிப்பார்? 7.5 சதவீதத்தை வைத்து விலை போட்டு எல்லாவற்றையும் விற்று முடித்தாயிற்று. "போன வருஷம் வாங்கிய பொருளுக்கு இன்னும் கொஞ்சம் கொடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்க முடியுமா? மறைமுக வரி என்றால் கடைசியில் நுகர்வோர் தலையில் விழும் வரி என்று புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே அது வியாபாரியின் முதலில் விழுகிறது.

சந்தேகத்தின் பலன் யாருக்கு? 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதற்குப் பதில் சொன்னது. வழக்கு, தீவனத் தரத்து வைட்டமின் இ-50 பவுடர் பற்றியது. அது இறால் தீவனம், எனவே சலுகை வரி 5 சதவீதம் என்றார் இறக்குமதியாளர். தீவனம் அல்ல, தீவனத்தில் சேர்க்கும் பொருள், எனவே முழு வரி என்றது துறை. வரி விதிக்கும் பிரிவிலேயே குழப்பம் என்றால் பலன் வரி செலுத்துபவருக்கு. ஆனால் சலுகை அறிவிக்கையில் குழப்பம் என்றால் பலன் அரசுக்கே. இதுதான் தீர்ப்பு.

சட்டப்படி அதுதான் இன்று விதி. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் நாட்டில் ஒரு பொருளின் உண்மையான வரியைப் பல நேரம் தீர்மானிப்பது அட்டவணை அல்ல, சலுகை அறிவிக்கைதான். அந்த அறிவிக்கையை எழுதுவது யார்? அரசு. குழப்பமாக எழுதினால் லாபம் யாருக்கு? அதே அரசுக்கு. கேள்வித்தாளில் பிழை இருந்தால் மாணவனுக்கு மார்க் போடுவார்கள். இங்கே மார்க்கைக் குறைக்கிறார்கள்.

"அப்படி விட்டால் ஆளாளுக்கு ஏமாற்ற மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். ஏமாற்றுவார்கள்தான். ஒரு நல்ல உதாரணமே இருக்கிறது. 71-ம் அத்தியாயக் குறிப்புப்படி, எடையில் 2 சதவீதம் பிளாட்டினம் இருந்தாலே அது பிளாட்டினக் கலவை. மீதி முழுக்கத் தங்கமாக இருந்தாலும் சரி! தங்கத்துக்கு 15 சதவீத வரி இருந்த நாட்களில், துபாய்ப் பக்கமிருந்து பெரும்பகுதி தங்கம் கொண்ட "பிளாட்டினம்" குறைந்த வரியில் வந்து இறங்கியது. இது அறியாமையில் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதை எப்படிச் சரி செய்தார்கள்? 2024 ஜூலையில் தங்கத்தின் வரியை 6 சதவீதமாகக் குறைத்தார்கள். இடைவெளி சுருங்கியது. 2025-ல் 99 சதவீதமும் அதற்கு மேலும் சுத்தமான பிளாட்டினத்துக்குத் தனி 8 இலக்க கோட் போட்டு, மற்ற கலவைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதாவது, எழுத்தைத் திருத்தினார்கள். ஓட்டை அடைபட்டது பட்டியலைத் தெளிவாக எழுதியதால்.

ஆகவே நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, அண்ணன் தம்பிப் பொருட்களுக்கு ஒரே வரி. 2025 பட்ஜெட்டில் தொழில் பொருட்களுக்கான வரி விகிதங்களில் ஏழை நீக்கி, பூஜ்யத்தையும் சேர்த்து எட்டாக ஆக்குவதாகச் சொன்னார்கள். நல்ல தொடக்கம். இரண்டு, ஒரு கோடை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி, அதிகாரிகளும் தொடர்ந்து ஏற்றுக்கொண்டிருந்தால், மாற்றம் அடுத்த சரக்கிலிருந்து வரட்டும். பழையதைத் தோண்டுவது மறைத்தவரிடம் மட்டும் போதும். மூன்று, சரக்கு வருவதற்கு முன்பே கோடைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம் 2021 ஜனவரியில் டெல்லி, மும்பை என்று இரண்டே ஊரில் தொடங்கியது. அது சென்னை, தூத்துக்குடி வியாபாரிக்கும் எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

கடைசியாக, எக்ஸ்-மென் என்ன ஆனார்கள்? 2007-ல் உலகப் பட்டியலைத் திருத்தியபோது மனிதப் பொம்மை, மற்ற பொம்மை என்ற இரண்டு தலைப்புகளையும் 9503 என்ற ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். வுல்வரின் மனிதனா என்று எந்தச் சுங்க அதிகாரியும் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்த கேள்வியை, பட்டியலில் ஒரு திருத்தம் இல்லாமலே ஆக்கிவிட்டது.

பாக்குக்கும் இறால் தீவனத்துக்கும் அப்படி ஒரு திருத்தம் வந்தால் போதும். வக்கீல்களுக்கு வேலை கொஞ்சம் குறையும். பரவாயில்லை, அவர்கள் எக்ஸ்-மென் படம் பார்க்கட்டும் :-)