கேள்விக்கு ஒரு துணை

கேள்வி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: கேட்டல், வினவுதல். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’யை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்று நம் நினைவுக்கு வரும். இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதவை என்பதை நமக்கு உணர்த்திய இடம் கல்லூரியன்று. தாம்பரம் மேற்கில் இருந்த சிறியதோர் ஒலிப்பதிவுக் கடை.

1990களின் பிற்பகுதி அது. பாடல் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். காப்புரிமைக் கணக்கில் அது பிழை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுபவர் அல்லர். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஒலிக்கத் தொடங்கினால் பேச்சை நிறுத்தச் சொல்வார். முடிந்ததும், வயலின்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன, கீழ் ஒலிகள் எங்கே மங்கின என்று வினவுவார். விடை தெரியாதவர்களுக்காக நாடா மீண்டும் ஒருமுறை சுழலும்.

அங்கே கூடியவர்கள் குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் எனப் பல ஊர்க்காரர்கள். ஒருவர் தச்சரிடம் பிளைவுட்டில் ஸ்பீக்கர் பெட்டி செய்வித்தார். அதற்கு வசதியற்ற இன்னொருவர் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி, அதன் முழக்கத்தில் மகிழ்ந்தார். ஞாயிறு தவிர்த்த விடுமுறை நாள்களில், அன்று மீட்டர் பாதையில் ஓடிய மின்ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடப்போம். சான்யோவின் எல்ஏ 4440 ஐ.சி., மின்மாற்றி, மின்தேக்கிகள் ஆகியவற்றை வாங்கி வந்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவோம். பக்கத்துக்கு 6 வாட் தந்தாலே பெரிது. பெரிய கடைகளின் அட்டைப்பெட்டிகளிலோ ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிட்டிருக்கும். பொதுவான அளவுகோலே இல்லாத, கண நேர உச்சத்தைக் காட்டும் எண் அது என்பதைக் கடைக்காரர்தாம் விளக்கினார். எங்கள் கருவியில் ஓயாத ரீங்காரம் எழுந்தபோது, எர்த் கம்பிகள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கும்படி சொன்னவரும் அவரே.

பெரிய எண்ணைக் கண்டு மயங்காதே, இரைச்சலின் காரணத்தைத் தேடு, மீண்டும் கேள். இலக்கியத் திறனாய்விலும் நாம் மாணவர்க்குச் சொல்லித் தருவது இவற்றைத்தானே?

நினைவேக்கம் எதையும் பொன்னாக்கிவிடும் என்பதை அறிவோம். கேசட்டில் இரைச்சல் உண்டு. நாள்பட்டால் உயர் ஒலிகள் மங்கும். இன்று கைபேசியிலேயே குறுந்தகட்டுக்கு நிகரான ஒலி கிடைக்கிறது. ஒலித்தரத்தில் நாம் எதையும் இழக்கவில்லை, பெற்றிருக்கிறோம். மேலும், அந்தக் கடையில் பெண்கள் பட்டியலைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்களே தவிர, உள்ளே அமர்ந்து கேட்டதாக நினைவில்லை. அந்தக் குறையை அன்று எங்களுள் எவரும் உணரவுமில்லை.

கடையைக் காலம் விழுங்கியது என்று எழுதுவது எளிது. உண்மையில் அதைக் கைவிட்டவர்கள் நாங்களே. ஒரே தகட்டில் 150 எம்பி3 பாடல்கள் கிடைக்கத் தொடங்கியதும் அங்கே செல்வதை நிறுத்தினோம். சில ஆண்டுகள் கழித்து அவ்வழியே போனபோது கைபேசி ரீசார்ஜ் பலகை தொங்கியது. அவரிடம் நாங்கள் விடைபெற்றிருக்கவே இல்லை.

இன்று அடுத்த பாடலைச் செயலி தேர்ந்து தருகிறது. காதுக்குள் பொருத்திய கருவியில் தனித்தனியே கேட்கிறோம். கேட்டல் மிஞ்சியிருக்கிறது, வினவுதல் இல்லை. ‘என்ன கேட்டாய்?’ என்று வினவ அருகில் ஒருவர் இல்லாததே நம் இழப்பு.

அதை மீட்பது கடினமன்று. கவிதைக்கும் சிறுகதைக்கும் கூட்டம் நடத்தும் நம் இலக்கிய வட்டங்கள், மாதம் ஒருமுறை ஓர் இசைப்பதிவை முழுமையாகக் கேட்டுப் பேசட்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மண்பானை ஸ்பீக்கரும் போதும். இம்முறை ஆண்களும் பெண்களும் ஒன்றாய் அமரட்டும். பதிவு முடிந்ததும் யாரேனும் ஒருவர் முதல் கேள்வியைக் கேட்டால் போதும்.