நம்ம ஊர் முகங்கள்: பள்ளிக்கூடம் நடத்திய துறவி எம்.எல்.ஏ ஆன கதை!

வடலூரில் பஸ் ஏறி சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் சிதம்பரம். அங்கே ஓமக்குளம் பக்கம் விசாரித்தால் நந்தனார் பள்ளியைச் சட்டென்று காட்டிவிடுவார்கள். 1916-ல் இதைத் தொடங்கியவர் ஒரு துறவி. பின்னாளில் அவரே சிதம்பரத்தின் எம்.எல்.ஏ! யார் இந்த சுவாமி சகஜானந்தர்?

ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27 அன்று பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. பட்டியலினத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தபோது, மதம் மாறச் சொன்னார்கள். பையன் மறுத்துவிட்டான். படிப்பு பாதியில் நின்றது. குடும்பத்தோடு கோலார் தங்கவயல் போனவர், பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். சகஜானந்தர் என்ற பெயர் அப்போது வந்ததுதான். 1910-ல் சிதம்பரம் வந்தார்.

சாமியார் என்றால் மடம் கட்டுவார்கள். இவர் பள்ளிக்கூடம் கட்டினார். படிப்பு நின்றுபோன வலி தெரிந்தவர் இல்லையா? சுற்றுவட்டாரத்தில் பண்ணை வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. கூலி வீட்டுப் பிள்ளை தினமும் நடந்து வந்து படிப்பது எப்படி? அதனால் விடுதியும் வந்தது. தங்க இடம், வயிற்றுக்குச் சோறு, அப்புறம்தான் பாடம்.

வைத்த பெயரைக் கவனியுங்கள். தீயில் இறங்கிய பிறகே தில்லைக் கோயிலுக்குள் போனதாகச் சொல்லப்படுபவர் நந்தனார். அந்தக் கோயில் இருக்கும் ஊரிலேயே அவர் பெயரில் பள்ளி!

பள்ளி நடத்தப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். 1926-ல் சென்னை மாகாண சட்டசபையில் நியமன உறுப்பினரானார். அங்கும் கல்வி, நிலம், கோயில் நுழைவு என்றே அவர் பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952, 1957 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் சிதம்பரத்தில் வென்றார். அப்போது அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ-க்கள், அதில் ஒன்று தனி இடம். இன்றைய தலைமுறைக்கு இது புதுத் தகவலாக இருக்கலாம்.

இதில் வடலூருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாணம் முழுக்கக் கோயில் கதவுகளை எல்லோருக்கும் திறந்த 1947 சட்டம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது வந்தது. வள்ளலார் பக்தரான ஓமந்தூரார், பதவியை விட்ட பிறகு வடலூருக்கே வந்து தங்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லமும் பள்ளியும் நடத்தினார். துறவி பள்ளியிலிருந்து சட்டசபைக்குப் போனார், முதல்வர் கோட்டையிலிருந்து பள்ளிக்கு வந்தார். இரண்டுமே நம்ம மாவட்டத்தில்தான்!

மதம் மாறவும் மாட்டேன், ஒதுக்கப்பட்டு வெளியே நிற்கவும் மாட்டேன் என்றவர் சகஜானந்தர். பக்தி வழியில் உரிமை கேட்டது போதாது என்று விமர்சிப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். பள்ளி நடந்துகொண்டிருக்கிறது.

1959 மே 1-ல் மறைந்தபோதும் அவர் எம்.எல்.ஏ-தான். சிதம்பரத்தில் அவருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. ஆருத்ரா தரிசனத்துக்குப் போகிறவர்கள் அப்படியே ஓமக்குளம் பக்கமும் ஒரு எட்டு போய் வரலாம்.