எந்தச் சீட்டுக் கணக்கு நமக்கு?



ஆண்டு மலரில் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி நிழலில் சீட்டு ஆடுவதைப் பார்க்காதவர் நம்மில் யார்? இப்போது நம்ம செட்டில் புதுப் பைத்தியம் ஒன்று: பிளாக்ஜாக்கில் சீட்டை எண்ணி ஜெயிப்பது! "மச்சான், புதுசா கத்துக்கிறவனுக்கு எந்த மெத்தடுடா பெஸ்ட்டு?" என்று என்னையே கேட்கிறார்கள். நானும் அதில் அலைந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நம்ம ஊர் மங்காத்தாவில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டைக் கலைத்துவிடுவார்கள். போன ஆட்டத்தை ஞாபகம் வைத்துப் பிரயோஜனம் இல்லை. பிளாக்ஜாக் அப்படியல்ல. இறங்கிய சீட்டு, மறுபடி கலைக்கும்வரை திரும்பி வராது. சின்னச் சீட்டுகள் நிறைய வெளியே போய்விட்டால், மிச்சத்தில் பத்தும் ஆஸும் அதிகம். அது ஆடுபவருக்குச் சாதகம். இதை எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962இல் புத்தகமாகவே எழுதினார்.

எண்ணும் முறைகள் பல. 1963இல் ஹார்வி டப்னர் சொன்னது ஹை-லோ. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. 7, 8, 9 வந்தால் சும்மா விடு. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தால் ஒன்று கழி. அவ்வளவுதான்! ஒமேகா-2 என்று இன்னொன்று. அதில் 4, 5, 6-க்கு இரண்டு கூட்ட வேண்டும், 2, 3, 7-க்கு ஒன்று. 9-க்கு ஒன்று கழிக்க வேண்டும், பத்துக்கு இரண்டு. கணக்கு நுட்பம்தான். ஆனால் தலை சுற்றும்.

என் ஓட்டு ஹை-லோவுக்கே. ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருப்பீர்கள். கை பழகாதவன் மைக்ரோமீட்டரில் எடுக்கிற ரீடிங்கைவிட, பழகினவன் வெர்னியரில் எடுக்கிற ரீடிங் சரியாக இருக்கும். தப்பாகப் போட்ட பெரிய கணக்கைவிடத் தப்பில்லாத சின்னக் கணக்கு மேல். ஹை-லோவில் நம்மை நாமே சோதிக்கவும் முடியும். கூட்டுவது 20 சீட்டு, கழிப்பது 20. 52-ஐயும் இறக்கி முடித்தால் விடை பூஜ்யம் வர வேண்டும். வரலையா? எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறாய்!

சரி, கற்றுக்கொண்டோம். கோவாவுக்கு டிக்கெட் போடலாமா? இங்கேதான் கணக்கைக் கடைசிவரை போட வேண்டும். நன்றாக எண்ணுகிறவனுக்கே கிடைக்கும் சாதகம் சுமார் ஒரு சதவீதம். நூறு ரூபாய் வீதம் நூறு ஆட்டம் ஆடினால் சராசரி லாபம் நூறு ரூபாய். ஆனால் அந்த நூறு ஆட்டத்துக்குள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். அந்த இறக்கத்தைத் தாங்க நம்மிடம் என்ன இருக்கிறது? பஸ் பாஸும் அரியரும்தான்!

இது ஏட்டுக் கணக்கல்ல, என் கணக்கு. 2024இல், இரண்டாம் செமஸ்டரில், செல்போன் ரம்மியில் இறங்கினேன். "1967லயே சுப்ரீம் கோர்ட்டு ரம்மியத் திறமை ஆட்டம்னு சொல்லிடுச்சுடா" என்று வாதம் வேறு. ஆட்டத்துக்குத் திறமை வேண்டும் என்றுதான் கோர்ட் சொன்னது; எனக்குத் திறமை இருப்பதாகச் சொல்லவில்லையே! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு புதிது. நான் எண்ணிய எண்ணம் அடுத்த ஆட்டத்துக்கு உதவவில்லை. பரீட்சைக் கட்டணம் போயே போய்விட்டது.

காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மா, மாதச் சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினாங்க. "நீ ஆடுன சீட்டுக்கு நான் கட்ன சீட்டு போச்சுடா" என்றாங்க. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஆசைக்குச் சட்டம் போட வேண்டியது நாம்தான்.

எனவே நண்பர்களே, ஹை-லோவைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். நிகழ்தகவுப் பாடம் விளையாட்டாகவே மண்டையில் ஏறும். ஒரு கட்டை முப்பது வினாடியில் எண்ணி பூஜ்யத்தில் நிறுத்துபவர் யார் என்று மதிய இடைவேளையில் போட்டி வைப்போம். வாருங்கள்!

பந்தயம் மட்டும் வேண்டாம். ஒரு டீக்குக்கூட!