செயலி தவறினால் கூலியைப் பிடிப்பதா?



நூறு நாள் வேலையின் வருகைப் பதிவுச் செயலியில் முறைகேடு நடப்பதாக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2025 ஜூலை 8 அன்று அனுப்பிய சுற்றறிக்கை கொதிப்பைக் கிளப்பியது. சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் உள்ள தலைகளும் பதிவில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று அமைச்சகமே சொல்கிறது. 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கிய ஏற்பாடு திருட்டைத் தடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் அதைக் கைவிடவில்லை; படங்களை ஊராட்சியிலேயே ஒன்றுவிடாமல் சரிபார்க்கச் சொன்னார்கள். ஏமாற்ற நினைப்பவருக்கு ஒரு பழைய படம் போதும். வெயிலில் மண் வெட்டியவர்தான் மாட்டிக்கொள்கிறார். காலையில் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். ஏறாவிட்டால் அன்றைய உழைப்புக்கு அத்தாட்சி இல்லை. டவர் இல்லாத இடத்தில் எடுத்து வைத்துப் பிறகு ஏற்றலாமே என்பார்கள். செயலி இருப்பது பணித்தளப் பொறுப்பாளரின் கைப்பேசியில். அது பழுதானதற்கும் படம் ஏறாததற்கும் தொழிலாளி எப்படிப் பொறுப்பாவார்? பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தையே கழுதை மேல் ஏற்றி அனுப்பிய தருமபுரி மாவட்டம் இது; இங்கே படம் ஏறாமல் போவது அதிசயமா?

2005 ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் பொறுப்பை அரசின் மேல்தான் வைத்தது. கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் மாநில அரசு வேலையின்மைப் படி தர வேண்டும் என்றது. 15 நாளில் கூலி வராவிட்டால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்றது. 2025-26 ஆம் நிதியாண்டின் 336 ரூபாய் வீதம் ஆறு நாள் கூலி 2,016 ரூபாய். தாமதத்துக்கு இழப்பீடு நாளைக்கு ஒரு ரூபாய். 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவை என்று அன்று முதல்வராக இருந்த ஸ்டாலின் 2025 ஜனவரியில் பிரதமருக்கு எழுத வேண்டியிருந்தது. கூலியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்களுக்கு ஒரு ரூபாய். படம் ஏறாதவருக்கு முழுக் கூலியும் நட்டம். இது எந்த ஊர் நியாயம்?

கண்காணிப்பே வேண்டாமா என்று கேட்பவர்கள் சட்டத்தின் 17 ஆம் பிரிவைப் படிக்கட்டும். கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கை அங்கே இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்குத் தெரியும். பதிவேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்தால் போலிப் பெயர் நிற்காது. சும்மா உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள் என்ற பழிக்கும் பதில் இதுவே. வேலையை அளந்து பார்க்க வேண்டியவர் பொறியாளர். முகத்தைப் படம் பிடித்தால் வெட்டிய மண்ணின் அளவு தெரியாது.

தவிர்க்க முடியாத காரணத்தால் படம் ஏறாத நாளில், கையால் எழுதிய வருகையை ஏற்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கிறது. தருமபுரி ஆட்சியர் அதைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். கூலி இழந்தவர் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனுவோடு நிற்க வேண்டாம். படம் ஏறாத பட்டியலை ஒவ்வொரு ஒன்றியமும் தானே எடுத்து ஆட்சியருக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம்.