பழுது அழகாகுமா? – ஒரு மறுப்பு

சென்ற ஆண்டு எமது பீட மாணவர் நடத்திய புகைப்படக் காட்சியொன்றில் எனது படமொன்றும் இடம்பெற்றது. அம்மம்மா முற்றத்து வெயிலில் அமர்ந்திருக்கும் படம் அது. ஒருபுறம் தெளிவாக இருக்க, மறுபுறம் படிப்படியாக மங்கி முழு இருளில் முடிந்தது. அவரது முகத்தின் பாதி அவ்விருளிலே மறைந்துவிட்டது. கண்டோர் பாராட்டினர். 'மரணத்தின் நிழல்' என்றார் ஒருவர். 'காலம் வரைந்த ஓவியம்' என்றார் இன்னொருவர். பழைய கமராவுக்கு ஓர் ஆன்மா உண்டென்றும் அதன் பிழைகளே அதன் மொழியென்றும் விளக்கமும் தரப்பட்டது. இக்கருத்துத் தவறானது மட்டுமன்று, தீங்கானதுமாகும் என்பதே எனது வாதம்.

அவ்விருள் மரணத்தின் நிழலன்று, அழுக்கின் விளைவு.

1925இல் வெளிவந்த லைக்காவும் அதன் வழிவந்த பல கமராக்களும் இரு துணித்திரைகளைக் கொண்டவை. முதலாந் திரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டாந் திரை பின்தொடர்ந்து அதனை மூடுகிறது. உயர்வேகங்களில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடைவெளி மாத்திரமே படச்சுருளின் குறுக்கே ஓடுகிறது. இரு திரைகளும் ஒரே கதியில் ஓடுமாயின் இடைவெளி மாறாது. முதலாந் திரையின் உருளையில் அழுக்கும் இறுகிய மசகும் சேர்ந்தால் அது பின்தங்குகிறது. இரண்டாந் திரை அதனை எட்டிப் பிடிக்கிறது. இடைவெளி ஒடுங்கி ஒடுங்கி, ஈற்றில் இல்லாமற் போகிறது. படத்தின் ஒருபுறம் இருளுறுவது இதனாலேயே.

'மெதுவான வேகங்களில் படம் நன்றாக விழுகிறதே. ஷட்டரில் எவ்வாறு பழுதிருக்க முடியும்?' என வினவுவோர் உளர். கணக்கைப் பார்ப்போம். திரை அரை மில்லிசெக்கன் பிந்துகிறது எனக் கொள்வோம். 1/30 செக்கன் என்பது ஏறத்தாழ 33 மில்லிசெக்கன். இழக்கப்படும் ஒளி இரண்டு வீதத்திலும் குறைவு. அதனைக் கண் உணராது. 1/1000 செக்கனோ ஒரே மில்லிசெக்கன். அங்கு அதே தாமதம் ஒளியிற் பாதியை விழுங்கிவிடும். ஆகவே மெதுவான வேகத்தின் நலம் உயர்வேகத்தின் நலத்துக்குச் சான்றாகாது.

ஏனைய குறிகளும் இவ்வாறே காரணமுடையவை. படந்தோறும் ஒரே இடத்தில் வெண்புள்ளி தோன்றின், துணித்திரையில் ஊசித்துளை உண்டென்பது பொருள். லைக்கா, சோர்க்கி போன்றவற்றில் வில்லைக்கும் திரைக்கும் இடையே கண்ணாடி இல்லை; மூடப்படாத வில்லை வெயிலை நோக்கிக் கிடந்தால் அது சூரியனைத் திரைமேற் குவித்துத் துணியைச் சுட்டுவிடும். இருட்டறையில் வில்லையைக் கழற்றி விளக்கைக் காட்டினால் துளை புலப்படும். ஒரு செக்கன் வேகத்தில் ஷட்டர் இடைநடுவில் நின்றுவிடின், மெதுவேகங்களை ஆளும் பற்சக்கரத் தொகுதியில் மசகு இறுகியிருத்தல் பெரும்பாலான காரணம். 1976இல் வந்த கனன் ஏஇ-1 போன்ற மின்னியற் கமரா அசையவே மறுத்தால் முதலிற் பார்க்க வேண்டியது பற்றரியையே.

காரணத்தைத் தேடாத மனப்பாங்கு இருவிதமாக வெளிப்படுகிறது. ஒன்று, மேற்கூறிய பரவசம். மற்றையது, 'ஒரு துளி எண்ணெய் விட்டாற் சரியாகிவிடும்' என்னும் அவசரம். வில்லையினுள் அமைந்த இதழ் ஷட்டரின் தகடுகள் உலர்ந்த நிலையில் இயங்கவே ஆக்கப்பட்டவை. எண்ணெய் படிந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரை ஷட்டரிலும் கண்டபடி விட்ட எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாகிறது. வில்லை மேலும் முறுக்கித் திரையை விரட்டுவோரும் இவ்வினத்தவரே. அழுக்கு அங்கேயே இருக்க, அதன் விளைவை மாத்திரம் சிலகாலம் மறைக்கின்றனர். பரவசக்காரரும் அவசரக்காரரும் தம்முள் பகைவர் போலத் தோன்றினும், நெகற்றிவைப் படிக்க மறுப்பதில் ஒன்றுபடுகின்றனர்.

கலையில் விபத்துக்கு இடமில்லையா என்று கேட்கலாம். இடமுண்டு. இருள் எங்ஙனம் விழுகிறது என அறிந்து, அதனை வேண்டிப் பயன்படுத்துபவன் கலைஞன். அறியாது பெற்றதை அறிந்து செய்ததாகக் காட்டுவது கலையன்று. செய்யுளொன்றில் ஏடெழுதியோன் விட்ட பிழையைப் புலவரின் நுட்பமாகக் கொண்டு உரை எழுதுவோரை நாம் ஏற்பதில்லை. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் கலைப்பீடத்து மாணவர், ஒரு பொறியின் முன் மாத்திரம் அந்த ஒழுங்கைக் கைவிடுவது ஏன்? பொறி கையால் உழைப்போரின் விடயம், பொருள் விளக்கம் எமது விடயம் என்னும் பழைய பிரிவினையே இதன் அடியிற் கிடக்கிறது.

இதனை எழுத எனக்குள்ள தகுதி எனது குற்றமே. அப்படத்துக்கு முந்திய சுருளிலேயே, உயர்வேகத்தில் எடுத்த படங்களின் ஓரம் சற்று மங்கியிருந்தது. கண்டேன், அழகென்று எண்ணினேன். முன்னர் எவரோ எண்ணெய் விட்டிருந்த கமரா அது. பின்னர் கைதேர்ந்த ஒருவர் உருளைகளைத் துப்புரவு செய்தார். இன்று அது 1/1000 செக்கனிலும் சட்டம் முழுவதையும் சீராகப் பதிகிறது. அம்மம்மா இன்று இல்லை. அந்த முற்றத்தில் அவரை எடுத்த படம் அது ஒன்றே. அவரது முகத்தின் மறுபாதியை எந்த விமர்சனமும் எனக்கு மீட்டுத் தரப்போவதில்லை.