இழுத்து வைத்தால் பக்கம் ரெடி... ஆனால், எடிட்டர் போய்விட்டால்?

பண்டிகைத் தள்ளுபடி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கடையின் வெப்சைட்டில் மட்டும் அந்த பேனர் அப்படியே இருக்கும். அதை எடுக்க டெவலப்பர் மனது வைக்க வேண்டும்! இந்தக் காத்திருப்புக்குத் தீர்வாக வந்ததுதான் 'பேஜ் பில்டர்'. படம், தலைப்பு, பட்டன் என எதையும் மவுஸால் இழுத்து வைத்து, கோடிங் தெரியாதவரே பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பி.ஹெச்.பி-யில் எழுதிய ஒரு வெப் அப்ளிகேஷனில் இதை எப்படிச் சேர்ப்பது?

பிரவுசரில் பாதி, சர்வரில் பாதி

இழுத்து வைக்கும் வேலை முழுக்க பிரவுசரில், ஜாவாஸ்கிரிப்ட்டில் நடக்கிறது. அதைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. 'கிரேப்ஸ்ஜேஎஸ்' போன்ற ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அட்மின் பக்கத்தில் அதை இணைத்துவிட்டால், பி.ஹெச்.பி-க்கு மிச்சமிருப்பது இரண்டே வேலைகள். 'சேவ்' கொடுத்ததும் பக்கத்தை வாங்கி டேட்டாபேஸில் வைப்பது, பார்வையாளர் வந்தால் எடுத்துக் கொடுப்பது. கேட்க எளிதுதான். ஆனால், சிக்கல் தொடங்குவதே அந்த 'சேவ்' பட்டனில்தான்.

பக்கம் யாருடையது?

வேர்டுபிரஸ்ஸும் பி.ஹெச்.பி-யில் எழுதப்பட்டதுதான். அதற்கு ப்ளக்-இன்னாக வந்த பழைய பில்டர்கள் சில, பக்கத்தை 'ஷார்ட்கோடு' எனும் குறியீடுகளாகச் சேமித்தன. ப்ளக்-இன்னை நிறுத்தினால் பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிகள்தான் மிஞ்சும். பார்த்துப் பார்த்துச் செய்த வடிவமைப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

2018 டிசம்பர் 6 அன்று வெளியான வேர்டுபிரஸ் 5.0, 'குட்டன்பெர்க்' என்ற பிளாக் எடிட்டரைக் கொண்டுவந்தது. 15-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய அச்சுத்தொழிலையே மாற்றியவரின் பெயர் அது. இந்த எடிட்டர், பெரும்பாலான பிளாக்குகளைச் சாதாரண ஹெச்.டி.எம்.எல் ஆகவே சேமிக்கிறது. எந்த பிளாக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு மட்டும் கமென்ட்டாக இருக்கும். கமென்ட்டை பிரவுசர் திரையில் காட்டாது. எனவே, நாளை அந்த எடிட்டரே இல்லாமல் போனாலும் எழுத்தும் படமும் பத்திரம்.

சொந்த அப்ளிகேஷனிலும் இதே பாதுகாப்பு சாத்தியம். மறுபடி எடிட் செய்வதற்கான தகவலை ஜேசன் வடிவிலும், பார்வையாளருக்கான ஹெச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ் இரண்டையும் தனியாகவும் சேமித்தால் போதும். முந்தைய வெர்ஷன்களையும் வைத்திருந்தால், யாராவது தவறுதலாகப் பக்கத்தைக் கலைத்தாலும் பழையபடி மீட்கலாம்.

வாசலில் ஒரு காவல்

பிரவுசரிலிருந்து வரும் எதையும் சர்வர் அப்படியே நம்பக் கூடாது. அட்மின் பாஸ்வேர்டு தவறான கைக்குப் போனால், ஒரு பட்டனோடு சேர்த்து ஆபத்தான ஸ்கிரிப்ட்டையும் பக்கத்தில் நுழைத்துவிடலாம். பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் அது ஓடும். எடிட்டரில் தடை போட்டால் மட்டும் போதாது. எடிட்டரைத் தொடாமலேயே சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்ப முடியும். அதனால், 'ஹெச்.டி.எம்.எல் ப்யூரிஃபையர்' போன்ற பி.ஹெச்.பி லைப்ரரியால் சர்வரிலேயே வடிகட்டிய பிறகுதான் சேமிக்க வேண்டும்.

வெப்சைட் வைத்திருப்பவர்கள் பில்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யலாம். மாதிரிப் பக்கம் ஒன்றை உருவாக்கி, பில்டரை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தும் படமும் அப்படியே இருந்தால் பக்கம் உங்களுடையது. இல்லையென்றால், அது பில்டருடையது!