மதுரைக்கு வந்தால் எதைச் சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம்?

மதுரை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மீனாட்சி அம்மன் கோவில், அடுத்து மல்லிகைப்பூ, மூன்றாவதாகச் சாப்பாடு. சிலருக்கு இந்த வரிசை தலைகீழ்! வெளியூர்க்காரர்கள் தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் கேட்கும் கேள்வி, "ஜிகர்தண்டா எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கைக்கடிகாரத்தை.

மதுரைச் சாப்பாட்டுக்கு முகவரியைவிட நேரம் முக்கியம். இட்லி காலையிலும் உண்டு, ராத்திரியிலும் உண்டு. தூங்கா நகரம் என்ற பெயரைக் காப்பாற்றியதில் இட்லிக் கடைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பரோட்டாக் கல் சூடாவது சாயங்காலத்தில். கறிதோசையை ராத்திரிச் சாப்பாடாக வைத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கி, நான்கு மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இதில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. அவர்கள் கையில் கிடைப்பது போர்டில் பெரிதாக எழுதியிருப்பது மட்டும்தான்.

அப்படி எழுதியிருப்பது பெரும்பாலும் ஜிகர்தண்டா. அதைக் குறை சொல்வதற்கில்லை. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்... மதுரை வெயிலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. சிலர் பிசினுக்குப் பதில் கடல்பாசி போடுவார்கள், அது இரண்டாம் பட்சம். விளக்குத்தூண் பக்கம், கீழமாரட் வீதியில் நின்று குடிப்பதுதான் முறை. (மாரட் என்பது தமிழ்ப் பெயர் அல்ல, ஒரு வெள்ளைக்காரரின் பெயர். கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலப்படுத்திய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண்.) 2014ல் கார்த்திக் சுப்புராஜ் அந்தப் பெயரிலேயே படம் எடுத்த பிறகு மதுரைக்கு வராதவர்களுக்கும் ஜிகர்தண்டா தெரியும்.

ஆனால் ஜிகர்தண்டா ஊர் ஊராகப் பரவியதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. அதன் நான்கு பொருளையும் ஓர் இடத்தில் தயாரித்து, டப்பாவில் அடைத்துக் கிளைகளுக்கு அனுப்பலாம். டம்ளரில் ஊற்றிக் கலக்க அரை நிமிடம் போதும், மாஸ்டர் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கிளை திறப்பதற்கென்றே பிறந்த பண்டம் அது!

பருத்திப்பாலுக்கு அந்த வசதி இல்லை. பருத்திக் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, வடிகட்டி, அரிசி மாவு கலந்து காய்ச்ச வேண்டும். பிறகு கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்த் துருவல். சூடாகக் குடித்தால் நெஞ்சுச் சளி கரையும் என்பது வீட்டுப் பெரியவர்கள் வாக்கு. அடுத்த நாளுக்கு வைத்து விற்க முடியாது. தள்ளுவண்டியில் வரும், ஒரு முனையில் நிற்கும், தீர்ந்ததும் போய்விடும். கடைப் பெயர் கிடையாது, போர்டு கிடையாது. "மதுரையில் தவறவிடக் கூடாத பத்து" என்று பட்டியல் போடுகிறவர்கள் பருத்திப்பாலையும் சேர்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் எங்கே என்ற இடத்தில் எழுத அவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை.

முள்ளுமுருங்கைக் கீரை வடையின் கதையும் இதேதான். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கீரையை அரிசி மாவோடு அரைத்துத் தட்டி, பூரி மாதிரி உப்ப வைத்து எடுக்கும் அந்த வடை சாயங்காலத்தில்தான் கிடைக்கும். மகாலைப் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் பக்கத்துத் தெருவுக்குள் நுழைகிறார்கள்? தூண்களைப் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே ஆட்டோ ஏறிவிடுகிறார்கள்.

பெயர் பெற்ற கடைகளுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. சிம்மக்கல் கோனார் கடையில் தோசை மாவின் மேல் முட்டையும் கொத்துக்கறியும் பரப்பித் தரும் கறிதோசையைச் சாப்பிடாமல் ஊர் திரும்புவது பாவம். முருகன் இட்லிக் கடை சென்னை, சிங்கப்பூர் என்று போனாலும் பிறந்த ஊர் இதுதான். தல்லாகுளம் பக்கத்து மெஸ்களில் அயிரை மீன் குழம்பு கிடைத்தால் விலையைப் பார்க்காதீர்கள். உயிரோடு இருக்கும் அந்தக் குட்டி மீனைப் பாலில் விட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைத்துச் சமைக்கிற வேலைக்குத்தான் அந்த விலை.

பெயர் என்றதும் முனியாண்டி விலாஸ் ஞாபகம் வருகிறது. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் தொடங்கியது அது. முதல் கடை 1930களில் திறந்தது மதுரையில்கூட இல்லை, காரைக்குடியில்! ஒரே கம்பெனியின் கிளைகளும் அல்ல, ஒரே சாமியின் பெயரை வைத்துக்கொண்ட பல குடும்பங்களின் கடைகள். ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவுக்கு வந்து கூடி, பிரியாணியையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கடைக்காரர்களுக்குச் சாமி சேர்த்துவைத்த சங்கம் அது. தள்ளுவண்டிக்காரர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

அவர்களுக்கு இருப்பது 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, விற்பனைக்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. கோவிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி வாகனம் இல்லாமல் நிம்மதியாக நடக்க முடிவது நல்ல விஷயம்தான், அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் தெருவைச் சுத்தப்படுத்துவது என்றால் முதலில் நகர்த்தப்படுவது பருத்திப்பால் வண்டியாக இருக்கக் கூடாது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் வண்டியை உள்ளூர்க்காரர் தேடிக் கண்டுபிடித்துவிடுவார், வெளியூர்க்காரரால் முடியாது. கிளை வைத்திருப்பவருக்கு ஒரு தெரு போனால் இன்னொரு தெரு. வண்டிக்காரருக்கு அந்த முனைதான் முதலீடு, அன்றைய குண்டான்தான் சரக்கு.

விளக்குத்தூணுக்கும் மகாலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருவை மாலை ஐந்து மணி முதல் பத்து மணி வரை இவர்களுக்கென்று சட்டப்படி ஒதுக்கினால் போதும். குடிதண்ணீர், குப்பைத் தொட்டி, ஒரு விளக்கு. பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

அதுவரை மதுரைக்கு வருகிறவர்கள் ஒன்று செய்யலாம். ரயில் டிக்கெட்டை மறுநாள் காலைக்குப் போடுங்கள். மாலையில் கோவிலின் கிழக்குப் பக்கமாக வெளியே வந்து, விளக்குத்தூணில் யாராவது பூக்காரம்மாவிடம் "அக்கா, பருத்திப்பால் வண்டி இன்னைக்கு எங்க நிக்குது?" என்று கேளுங்கள். கையில் சில்லறை இருக்கட்டும்.